“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று சொன்ன பிறகு

“இனி செய்யுறதுக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வாய்க்குப் பிடிச்சதக் குடுங்க.”

டிஸ்சார்ஜ் தாளும் ஸ்கேன் பையுமாக மதுரை ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ்ஸுக்கோ, மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ்ஸுக்கோ காத்து நிற்கிற குடும்பங்களின் காதில் இந்த மூன்று வாக்கியங்கள்தான் ஒலித்துக்கொண்டிருக்கும். மூன்றில் கடைசி வாக்கியம் சரி. நடுவில் இருப்பது பாதி சரி. முதல் வாக்கியம் தவறு. செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதில் பெரும்பகுதியை வீட்டில் இருப்பவர்களே கற்றுக்கொண்டு செய்துவிடலாம். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால்தான் ராத்திரி ரெண்டு மணிக்கு வலியில் துடிக்கிறவரைத் தூக்கிக்கொண்டு மறுபடி நகரத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் குடும்பங்களுக்காக எழுதப்படுகிறது.

பேலியேட்டிவ் கேர் என்றும், ஆதரவு சிகிச்சை என்றும், வலி நிவாரண சிகிச்சை என்றும் சொல்வது ஒன்றைத்தான். நோயை வேரோடு பிடுங்க முடிந்தாலும் முடியாவிட்டாலும், நோயாளி படுகிற பாட்டைக் குறைப்பது அதன் வேலை. கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு அதையே முழுநேரமாகச் செய்கிற இல்லம் அல்லது ஏற்பாடு ஹாஸ்பைஸ். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பைஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், நர்ஸாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து, பிறகு டாக்டருக்குப் படித்தவர். உடம்பு வலி, மனக்கலக்கம், குடும்பத்தைப் பற்றிய கவலை, “எனக்கு ஏன் இது வந்தது” என்ற கேள்வி, நான்கும் பின்னிக் கிடப்பதை அவர் ‘முழு வலி’ என்றார். மகள் கல்யாணக் கடன் அடையாமல் படுத்திருப்பவருக்கு மாத்திரை முழுதாக வேலை செய்யாது. வீடு வீடாகப் போகிற எந்த நர்ஸைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

இது புற்றுநோய்க்கு மட்டும் உரியதென்று நினைக்க வேண்டாம். டயாலிசிஸ் நிறுத்தப்பட்ட சிறுநீரக நோயாளி, நாலு எட்டு நடந்தாலே மூச்சிரைக்கிற இதய நோயாளி, புகை பிடித்து நுரையீரல் தேய்ந்தவர், பக்கவாதத்தில் விழுந்தவர், மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்த இளைஞன், மறதி நோய் முற்றிய அப்பத்தா, எல்லாருக்கும் இது தேவை. கடைசி வாரத்தில்தான் தேடிப் போக வேண்டும் என்பதும் இல்லை. 2010-ல் அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை வைத்து நடந்த ஆய்வில், நோய் தெரிந்த கையோடு ஆதரவு சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் சராசரியாக 11.6 மாதமும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதமும் வாழ்ந்தார்கள். முன்னவர்களுக்கு மனச்சோர்வும் குறைவு.

எங்கே கிடைக்கும்? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைச் சர்க்கரை, பிரஷர் மாத்திரைத் திட்டமாகவே பலரும் நினைக்கிறார்கள். வீட்டுக்கே வந்து பார்க்கிற ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் அதில் உண்டு. உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரிடமோ, மாத்திரை கொண்டுவருகிற தன்னார்வலரிடமோ, “படுத்த படுக்கையா ஒருத்தர் இருக்காரு, பேலியேட்டிவ் நர்ஸ் வரணும்” என்று அந்தச் சொல்லையே பயன்படுத்திக் கேளுங்கள். பேரைப் பதிந்துகொண்டால் சுற்று வரும்போது வருவார்கள். மதுரைக்குள் இருப்பவர்கள் அரசு ராஜாஜி மருத்துவமனையிலோ, பாலரெங்காபுரத்தில் உள்ள புற்றுநோய்ப் பிரிவிலோ டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பஸ் ஏறிய பிறகு கேட்பது கஷ்டம். தாளில் நோயின் பெயர், எந்தக் கட்டம், என்ன மருந்து, மேற்கொண்டு கீமோ, ரேடியேஷன் உண்டா இல்லையா என்ற நான்கும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்தத் தாள் சரியாக இல்லாவிட்டால் அடுத்து வருகிற டாக்டர் வலி மருந்து எழுதவே தயங்குவார்.

வலிக்கு வருவோம். முதல் வேலை அதை அளப்பது. 0 முதல் 10 வரை சொல்லச் சொன்னால் படித்தவர்கள் சொல்லிவிடுவார்கள். கிராமத்து ஐயாவிடம், “ஒரு ரூபாய்க்கு எத்தனை காசு வலிக்குது?” என்று கேட்டால் பட்டென்று பதில் வரும். “எழுபத்தஞ்சு காசு” என்றவர் மறுநாள் “நாலணா” என்றால் மருந்து வேலை செய்கிறது. எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்பதும் முக்கியம். கடுகடுவென்று ஒரே இடத்தில் குத்தினால் ஒரு வகை. சுரீரென்று ஓடுவது, எரிவது, கரண்ட் அடித்த மாதிரி இழுப்பது நரம்பு வலி. நரம்பு வலிக்கு வெறும் வலி மாத்திரை பத்தாது. அமிட்ரிப்டிலின், கேபாபென்டின் மாதிரி மருந்து சேர வேண்டும். “மனநோய் மாத்திரையக் குடுத்துட்டாங்க” என்று கூகுளில் பார்த்துவிட்டு அமிட்ரிப்டிலினை நிறுத்துகிறவர்கள் உண்டு. வலிக்குக் கொடுப்பது மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட மிகச் சின்ன அளவு, ராத்திரிக்கு 10 அல்லது 25 மில்லிகிராம்.

உலக சுகாதார நிறுவனம் 1986-ல் சொன்ன படிக்கட்டு முறைதான் இன்றும் அடிப்படை. முதல் படியில் பாராசிட்டமால். அடுத்த படியில் டிரமடால் மாதிரி மருந்து. அதற்கும் அடங்காத வலிக்கு மார்பின். மாத்திரை எதுவாக இருந்தாலும் வாய் வழியே, கடிகாரத்தைப் பார்த்து, ஆளுக்குத் தக்க அளவில். இதில் ‘கடிகாரத்தைப் பார்த்து’ என்பதைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். “வலிச்சாக் குடுங்க” என்று வைத்துக்கொண்டால், வலி வந்து, உச்சிக்கு ஏறி, மாத்திரை போட்டு, அது வேலை செய்ய அரை மணி முக்கால் மணி ஆகி, அதுவரை அவர் துடித்து, பிறகு தூங்கி, மறுபடி வலியோடு விழிப்பார். வலி தலைதூக்கும் முன்பே அடுத்த வேளையைக் கொடுத்துவிட வேண்டும்.

மார்பின் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பயம் அத்தனை.

அபின் செடியின் பாலிலிருந்து எடுக்கிற மருந்து இது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் அபின் பயிரிட, காசிப்பூரிலும் நீமுச்சிலும் உள்ள அரசு ஆலைகள் அதை வாங்கிப் பதப்படுத்துகின்றன. மருந்து நம் மண்ணில் விளைகிறது, நம் நோயாளிக்குத்தான் கிடைக்காமல் இருந்தது. 1985-ன் போதைப் பொருள் சட்டத்துக்குப் பிறகு உரிமங்களின் சிக்கலுக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்பினை வாங்கி வைப்பதையே விட்டன. வலி நிவாரணத்துக்காகப் போராடியவர்கள், குறிப்பாகக் கேரளத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரோடு நின்றவர்களும் ஆண்டுக்கணக்கில் முயன்றதன் பலனாக, 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்பின், பென்டானில் உட்பட ஆறு மருந்துகள் ‘அத்தியாவசியமானவை’ என்று தனியே பிரிக்கப்பட்டன. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை, பயிற்சி பெற்ற டாக்டர் இருந்தால் கொடுக்கலாம். தெருமுனை மெடிக்கலில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். கிடைக்கிற இடத்தை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டு, கையில் நாலு நாளைக்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கப் போக வேண்டும். ஞாயிறும் பொங்கல் லீவும் மருந்து தீர்கிற நாளாகப் பார்த்துத்தான் வரும்.

சாதாரண மார்பின் மாத்திரை நாலு மணி நேரம் வேலை செய்யும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டை அளவு கொடுத்துவிட்டால் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்ப வேண்டாம். டாக்டர் பெரும்பாலும் 5 மில்லிகிராமில் தொடங்குவார். வயதானவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் 2.5. வலியைப் பார்த்துப் படிப்படியாக ஏற்றுவார். இந்த நேரங்களுக்கு நடுவே வலி உடைத்துக்கொண்டு வந்தால் கூடுதல் டோஸ் ஒன்று கொடுக்க எழுதித் தருவார். ஒரு நாளின் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு என்பது கணக்கு. அதாவது 10 மில்லிகிராம் வீதம் நாலு வேளை, ராத்திரி 20, ஆக 60 சாப்பிடுகிறவருக்குக் கூடுதல் டோஸ் 10. அதைக் கொடுத்தாலும் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்தக் கூடாது. நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் கூடுதல் தேவைப்படுகிறதென்றால் அடிப்படை அளவே பத்தவில்லை என்று பொருள். போன் போட்டுச் சொல்லுங்கள். அதற்காகத்தான் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆணியில் கட்டித் தொங்கவிடச் சொல்கிறோம். நேரம், மருந்து, எத்தனை காசு வலி, வெளிக்குப் போனாரா. நாலே கட்டம்.

“இதக் குடுத்தா சீக்கிரம் போயிருவாங்களாமே?” போக மாட்டார்கள். வலிக்குத் தக்கபடி அளவு ஏற்றினால் மார்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. முதல் மூன்று நான்கு நாள் தூக்கமாக வரும். பல ராத்திரி தூங்காத உடம்பு அது, பாதித் தூக்கம் அந்தக் கடன். குமட்டலும் சில நாளில் அடங்கும். அதற்கு மாத்திரை உண்டு. அடிமையாகிவிடுவார் என்ற பயமும் வேண்டாம். ஆனால் பல வாரம் சாப்பிட்ட பிறகு திடீரென்று நிறுத்தினால் உடம்பு முறுக்கிக்கொள்ளும். குறைக்க வேண்டுமானால் டாக்டர் சொல்லி மெல்லக் குறைக்க வேண்டும். உண்மையில் பயப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு: உலுக்கினாலும் எழும்பாத மயக்கம், நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவான மூச்சு, கை கால் வெட்டி வெட்டி இழுப்பது. கிட்னி பழுதானவர்களுக்கு மார்பினின் கழிவு உடம்பிலேயே தேங்கி இப்படி ஆகும். உடனே அடுத்த டோஸை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். தோலில் ஒட்டுகிற பென்டானில் பட்டை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றுவது. ஒட்டியதும் பலன் தெரியாது, அரை நாளுக்கு மேல் ஆகும். காய்ச்சலிலும் சித்திரை வெயிலிலும் தோல் சூடானால் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். அதன் மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவே கூடாது.

எத்தனை நாளானாலும் போகாத ஒரே தொல்லை மலச்சிக்கல். மார்பின் எழுதுகிற கையோடு மலமிளக்கியான பிசகோடிலோ சென்னாவோ எழுதாத சீட்டு பாதிச் சீட்டுதான். கேட்டு வாங்குங்கள். வாழைப்பழமும் கீரையும் இதற்குப் பத்தாது. இன்னொன்று. அஞ்சாறு நாள் போகாமல் இருந்தவருக்குத் திடீரென்று தண்ணியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால் அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். கல்லாக இறுகிய மலத்தைச் சுற்றித் தண்ணீர் மட்டும் வழிகிறது அது. நிறுத்துகிற மாத்திரை போட்டால் வயிறு உப்பி, வாந்தியெடுத்து, ஆளே குழம்பிப் போவார். நர்ஸ் கையுறை போட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது ட்ரிப்ஸ். “ரெண்டு பாட்டில் ஏத்துனாத் தெம்பு வந்துரும்” என்று சொல்லாத வீடு இல்லை. அரை லிட்டர் 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ். டீஸ்பூன் கணக்கில் ஐந்தாறு கரண்டி சர்க்கரை, ரெண்டு இட்லியின் சக்தி. உப்புத் தண்ணீர் பாட்டிலில் 4.5 கிராம் உப்பைத் தவிர ஒன்றுமில்லை. வாந்தி, பேதியில் வறண்டவருக்கு அது உயிர் காக்கும். இதயமும் கிட்னியும் ஓய்ந்துகொண்டிருக்கிற கடைசி நாட்களில் அந்தத் தண்ணீர் போக வழியில்லாமல் காலிலும் நுரையீரலிலும் தேங்கும். தொண்டையில் களகளப்பு கூடும். சாப்பாடு குறைவதால் அவர் சாகவில்லை. உடம்பு அடங்கிக்கொண்டு வருவதால் சாப்பாடு குறைகிறது. இந்த முன்பின்னைப் புரிந்துகொள்வது பெற்ற அம்மாவுக்கும் கட்டிய மனைவிக்கும் எவ்வளவு கடினம் என்று தெரியும். அதனால்தான் வற்புறுத்தி ஊட்டுவதற்குப் பதில் அவர்கள் கைக்கு வேறு வேலை கொடுக்கச் சொல்கிறோம். உதட்டை நனைப்பது, காலுக்கு எண்ணெய் தடவுவது, முடி சீவிவிடுவது.

சாப்பாட்டில் பத்தியத்தைத் தளர்த்துங்கள். கேட்டால் நாலு ஸ்பூன் ஜிகர்தண்டா, மிதமான சூட்டில் பருத்திப்பால், கறிக்குழம்பின் தெளிவு. “சர்க்கரை இருக்கே?” என்றால், சாப்பாடு பாதியாகக் குறைந்த பிறகும் பழைய அளவிலேயே சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் போய்க்கொண்டிருப்பதுதான் ஆபத்து. சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, மயங்கி, “கடைசி வந்துருச்சு” என்று சொந்தக்காரர்களுக்குப் போன் போய்விடும். சாப்பாடு குறையத் தொடங்கியதுமே சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மாத்திரைகளில் எதை நிறுத்தலாம், எதைக் குறைக்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். மூக்குக் குழாய் வழியே கொடுப்பதானால் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, ஒரு தடவைக்கு 200 மில்லிக்கு மேல் போகாமல், வடிகட்டிய கஞ்சியை மெல்ல இறங்கவிட்டு, கடைசியில் 30 மில்லி வெந்நீர் ஆறவைத்து விட்டுக் குழாயைக் கழுவி, முக்கால் மணி நேரம் அப்படியே சாய்ந்திருக்க விடுங்கள். படுக்கவைத்து ஊற்றினால் கஞ்சி நுரையீரலுக்குள் போகும். காய்ச்சலும் சளியும் அங்கிருந்துதான் தொடங்கும்.

படுக்கைப்புண்ணுக்குக் காரணம் அழுத்தம். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சிக்கிய தோலுக்கு ரத்தம் போகாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடது, மல்லாக்க, வலது என்று திருப்ப வேண்டும். ராத்திரி மாத்திரம் கொஞ்சம் தள்ளலாம். இழுத்துத் திருப்பினால் தோல் உரியும். இதற்குப் பழைய சுங்குடிச் சேலையைப் போல உதவுகிற பொருள் இல்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தி. நாலாக மடித்து, தோளிலிருந்து தொடைவரை வரும்படி அடியில் விரித்துவிட்டு, இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர் சுருட்டிப் பிடித்துத் தூக்கினால் எவ்வளவு கனமானவரும் உராயாமல் நகர்வார். சேலை சுருங்கி மடிப்பு விழுந்தால் அந்த மடிப்பே புண்ணாக்கும். ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையால் நீவிவிடுங்கள். குதிகாலுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது. கெண்டைக்காலுக்கு அடியில் வைத்துக் குதிகால் காற்றில் தொங்க வேண்டும். காற்று மெத்தை நல்லதுதான், கரண்ட் போனால் அது வெறும் துணி. மெத்தை இருக்கிறது என்று திருப்பாமல் விட்ட வீடுகளில்தான் பெரிய புண்களைப் பார்க்க முடியும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் இன்னும் காப்பாற்றலாம். அழுத்தியும் சிவப்பு மாறாமல் இருந்தால் புண் உள்ளே தொடங்கிவிட்டது. அந்த இடத்தைத் தேய்த்துவிடவே கூடாது.

புண்ணைக் கழுவ அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் தூள் உப்பைத் தலைதட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் போதும். நல்ல சதை தெரிகிற புண்ணில் தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரைக்கவிடுவது வளர்கிற சதையையும் எரித்துவிடும். கட்டுத்துணிக்குப் பழைய வெள்ளை வேட்டியைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, கைக்குட்டை அளவில் வெட்டி, மூடிய டப்பாவில் வைத்துக் குக்கரில் 20 நிமிடம் ஆவியில் வேகவைத்து எடுத்தால் வாரத்துக்கு வரும். ஒட்டிக்கொண்ட பழைய கட்டைப் பிய்க்காமல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து உரிக்க வேண்டும். கட்டு மாற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பே கூடுதல் வலி மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள்.

நாற்றம்தான் குடும்பத்தைப் பிரிக்கிறது. வாய், மார்புப் புற்றுநோய் வெளியே உடைந்து நாறும்போது, நோயாளியைக் கொட்டத்துப் பக்கம் கட்டில் போட்டுத் தள்ளி வைத்துவிடுவார்கள். பேரப்பிள்ளை கிட்டே வராது. அந்த நாற்றத்துக்குக் காரணம் காற்றில்லாத இடத்தில் வளர்கிற கிருமிகள். மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம் மாத்திரையை மாவாகப் பொடித்து, கழுவிய புண்மேல் தூவிக் கட்டினால் இரண்டு மூன்று நாளில் நாற்றம் அடங்கும். சில ரூபாய் மாத்திரை, ஆளை மறுபடி நடுவீட்டுக்குக் கொண்டுவந்துவிடும். பகலிலும் கொசுவலை கட்டி வையுங்கள். ஈ உட்கார்ந்தால் புழு வைக்கும். புழு வைத்துவிட்டாலும் வெட்கப்பட்டு மறைக்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். டர்பன்டைன் நனைத்த துணியை வைத்து வெளியே வரவழைத்து எடுத்துவிடுவார்கள். கழுத்துப் பக்கம் ஆழமான புண் இருந்தால் ரத்தக்குழாய் உடையலாம். அதற்கு ஒரு தயாரிப்பு வேண்டும்: கருஞ்சிவப்போ அடர்பச்சையோ நிறத்தில் இரண்டு பெரிய துண்டுகள் கைக்கெட்டும் இடத்தில். வெள்ளைத் துணியில் பரவுகிற ரத்தம் நோயாளியையும் பார்க்கிறவரையும் நிலைகுலைய வைக்கும். அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். டாக்டர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த அமைதி மருந்தைக் கொடுக்க வேண்டும்.

மூச்சுத் திணறலுக்கு எல்லாரும் ஆக்சிஜன் சிலிண்டர் தேடுவார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரியாக இருந்தால் சிலிண்டரால் பெரிய பலன் இல்லை. மேஜை விசிறியைக் கன்னத்தில் காற்று படும்படி வையுங்கள். முகத்து நரம்பில் படுகிற குளிர்ந்த காற்று, ‘மூச்சு போதவில்லை’ என்று மூளை தவிப்பதைத் தணிக்கும். கரண்ட் இல்லையென்றால் பனையோலை விசிறி அதே வேலையைச் செய்யும். உட்காரவைத்து, முன்னால் ஸ்டூலில் இரண்டு தலையணை வைத்து, அதன்மேல் கையூன்றிக் குனிந்திருக்கச் சொல்லுங்கள். கட்டிலைச் சுற்றி நிற்கிற பத்துப் பேரை வெளியே அனுப்புங்கள். இதற்கும் மீறினால் சின்ன அளவு மார்பின். திணறலுக்கு அது நல்ல மருந்து.

உடம்பைவிடக் கடினமான இடம் ஒன்று இருக்கிறது. மகன் டாக்டரை வாசலிலேயே மறித்து, “அப்பாகிட்ட கேன்சர்னு மட்டும் சொல்லிராதீங்க சார், தாங்க மாட்டாரு” என்பார். உள்ளே போனால் அப்பா மெதுவாக, “எனக்குத் தெரியும் சார். பயலுக்கு மனசு விட்டுரும்னு தெரியாத மாதிரி கெடக்கேன்” என்பார். ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியே அழுகிறார்கள். அன்பினால்தான் மறைக்கிறார்கள், அதைக் குற்றமாகச் சொல்லக் கூடாது. ஆனால் அதற்குள் போய்விடுகிறவை பெரியவை. பேச்சு வார்த்தை இல்லாத தங்கச்சியை வரச்சொல்ல நினைத்தது, குலதெய்வம் கோயிலுக்கு ஒரு நடை போய்வர நினைத்தது, பேங்க் கணக்கில் யார் பெயர், நிலத்துப் பட்டா எந்தப் பெட்டியில். இடித்துச் சொல்லவும் வேண்டாம், மூடி மறைக்கவும் வேண்டாம். கேள்வியில் தொடங்குங்கள். “உங்க உடம்பப் பத்தி நீங்க என்ன நெனைக்கிறீங்கய்யா?” பிறகு, “எல்லாத்தையும் வெவரமாச் சொல்லணுமா, இல்ல தம்பிகிட்டப் பேசிக்கிட்டாப் போதுமா?” பதில் எதுவோ அதுதான் வழி. சிலர் தெரிந்துகொள்ள விரும்ப மாட்டார்கள், அது அவர்கள் உரிமை. “இன்னும் எத்தனை நாள்?” என்று நேராகக் கேட்டால் தேதி சொல்லாதீர்கள். மாதம் மாதமாகத் தளர்ந்தால் கையில் மாதங்கள், வாரம் வாரமாகத் தளர்ந்தால் வாரங்கள், நேற்றைக்கு இன்று தளர்ந்தால் நாட்கள் என்று கணிப்பது வழக்கம். அந்த அளவில் பேசலாம்.

கடைசி இரண்டு மூன்று நாட்களில் தூக்கம் கூடும். சிறுநீர் குறைந்து நிறம் கறுக்கும். கை கால் சில்லிட்டு, முழங்காலில் நீலம் படரும். மூச்சு வேகமாகி, பிறகு நின்று, இருபது முப்பது நொடி கழித்து மறுபடி வரும். தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்கும். கேட்கிறவருக்குத்தான் அது வேதனை, அவருக்குப் பெரும்பாலும் தெரியாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தினால் சத்தம் குறையும். குறையாவிட்டால் அதை வற்றவைக்கும் ஊசி உண்டு. குழாய் விட்டு உறிஞ்சுவது வலியைத்தான் கூட்டும். காது கேட்கும் என்றே வைத்துக்கொண்டு பேசுங்கள். சொத்துப் பேச்சைக் கட்டிலருகே பேசாதீர்கள்.

அப்போதுதான் பால் வரும். மகன் மகள், பேரன் பேத்தி, ஒவ்வொருவராக ஸ்பூனில் பால் ஊற்றுவது நம் வழக்கம். அதை விடச் சொல்ல மனம் வராது, விட வேண்டியதும் இல்லை. ஆனால் விழுங்க முடியாத தொண்டையில் மல்லாக்க வைத்து ஊற்றுகிற பால் மூச்சுக்குழாயில் இறங்கித் திணறடிக்கும். சுத்தமான பஞ்சைப் பாலில் தோய்த்து, நன்றாகப் பிழிந்து, உதட்டிலும் கன்னத்து உள்பக்கத்திலும் ஒற்றுங்கள். துளசித் தண்ணீரும் அப்படியே. ஒவ்வொரு பிள்ளையும் தொட்டு வைத்த நிறைவு இதில் முழுதாக இருக்கும், அவருக்கும் மூச்சு முட்டாது.

தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்ற சொல் இன்னும் புழங்குகிறது. இழுத்துக்கொண்டு கிடக்கிற வயதானவரைச் சீக்கிரம் அனுப்பிவிடுகிற அந்தக் காரியம் கொலை. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதைச் செய்த வீடுகளின் உள்ளே போய்ப் பார்த்தால் புண்ணும் நாற்றமும் ராத்திரி முழுக்க அலறலும், கூலி வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற நிலையும், ஒரே ஒரு மருமகளின் ஒடிந்த இடுப்பும் இருக்கும். அலறலுக்கு மருந்தும், நாற்றத்துக்குப் பொடியும், வாரம் ஒருநாள் வந்து அந்த மருமகளை நாலு மணி நேரம் தூங்கவிட ஓர் ஆளும் இருந்திருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியாது. பார்த்துக்கொள்கிறவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேளுங்கள். முறை போட்டு ராத்திரியைப் பிரித்துக்கொள்ளுங்கள். மதுரையில் வேலை பார்க்கிற மகன் பணம் மட்டும் அனுப்பாமல் சனிக்கிழமை ராத்திரியை எடுத்துக்கொள்ளட்டும்.

வென்டிலேட்டர் வேண்டாம் என்று நோயாளி தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ல் இதை அனுமதித்து, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். எழுதாவிட்டாலும், மூச்சு நிற்கும்போது யார் யாரைக் கூப்பிடுவது என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். பேசாத வீட்டில் பதற்றத்தில் 108 வரும், நெஞ்சை அழுத்துவார்கள், அவர் விரும்பாத ஐ.சி.யூ.வில் போய் முடியும்.

வீட்டில் இறந்தவருக்குச் சிகிச்சை செய்த டாக்டரிடம் இறப்புக் காரணச் சான்று, படிவம் 4ஏ, வாங்க வேண்டும். மதுரை தத்தனேரி மின்மயானத்துக்கும் சான்று தேவைப்படும். 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். ஊராட்சி என்றால் வி.ஏ.ஓ.விடம், மாநகராட்சி என்றால் அதன் சுகாதாரப் பிரிவில். சிறுநீர்க் குழாயையும் மூக்குக் குழாயையும் குளிப்பாட்டும் முன் நர்ஸ் எடுத்துவிடுவார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்து, சொந்தம் எல்லாம் ஊர் திரும்பிய பிறகு வருகிற வாரம்தான் தனியாக நிற்கிறவருக்கு மோசமான வாரம். நர்ஸோ தன்னார்வலரோ அப்போது ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். மிச்சமிருக்கிற மார்பின் மாத்திரைகளை அன்றைக்கு எண்ணி, நோட்டில் கையெழுத்துப் போட்டு, வாங்கிய மருத்துவமனைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.